ஹோல்டு போட்ட மண்டலா

புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த ரப்பர் வளையத் தொழிற்சாலையில் பெண்கள் கேட்டது நாற்காலி. நிர்வாகம் கொடுத்தது கலர் பென்சில். இரண்டுக்கும் நடுவில் மூன்று கூட்டங்கள், ஓர் ஆய்வறிக்கை, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கதை சொன்னால் அவர்கள் மனம் நோகும். மனம் நோகாமல் இருப்பதற்காகத்தானே இத்தனையும் நடந்தது.

விஜயராணிக்கு அங்கே பத்தொன்பது வருட சர்வீஸ். கியூசி என்கிற தரச்சோதனைப் பிரிவில் இன்ஸ்பெக்டர். பட்டம் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் பம்புக்குள் போகிற கறுப்பு வளையங்களை, குழந்தைக் கை வளையல் அளவு இருக்கும், விளக்கு மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிசிறோ வெட்டோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் வளையம். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. உட்கார்ந்தால் கண்ணும் சேர்ந்து உட்கார்ந்துவிடும் என்று கம்பெனியை ஆரம்பித்தவர் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அவரிடம் போய் மறுபடி கேட்க முடியாது.

இந்த வேலை அவளை வீடு வரைக்கும் துரத்தியது. வட்டமாக எது கண்ணில் பட்டாலும் விரல் தானாக அதன் ஓரத்தைத் தடவும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கப் போய் எட்டைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். தோசைத் தட்டின் முன்னால் அவள் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால், லூரி ஓட்டுகிற அவள் கணவன் சுகுமாரன், "சாப்பிடு லா, பாஸ் பண்ணிட்டேன்" என்பான்.

கண் சரியாகத்தான் இருந்தது. முட்டிதான் போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கினாள். கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. விடுப்பு கொடுத்த டாக்டர், "நிக்காதீங்க மா" என்றார், ஏதோ அவள் ஆசைப்பட்டு நிற்கிற மாதிரி. அவளைப் போலவே கியூசியில் இன்னும் பதினோரு பெண்கள். அவளுக்கு மூத்தவள் மீனம்மா ஒரு காலை மடக்கிக் கொக்கு மாதிரி நின்று பழகியிருந்தாள். கரீமா தொழுகைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நாற்காலி வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து விஜயராணியுடையது. 

மூன்று மாதம் கழித்துக் கூட்டம் கூட்டினார்கள். மனிதவளப் பிரிவு அதிகாரி யுவனேஸ்வரன், முப்பது வயது இருக்கும், மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்காமார்களே, உங்க லெட்டர மேனேஜ்மெண்ட் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாங்க. ஸ்டடி பண்ணோம். வலி முட்டியிலதான் இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க. ஆனா அது ஸ்டார்ட் ஆகறது மைண்ட்ல. நாற்காலி குடுத்தா என்ன ஆகும்? உடம்பு உக்காந்துடும். மனசு? அது நின்னுகிட்டே தானே இருக்கும்? உங்க உடம்ப மட்டும் உக்கார வெச்சு உங்கள ஏமாத்த இந்த கம்பெனிக்கு மனசு வரல."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஸ்டோர்காரர்கள். அவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

"அதனால," என்றான் யுவனேஸ்வரன், "மண்டலா. வட்டம் வரைவோம். வட்டத்துக்குள்ள வட்டம், அதுக்குள்ள இதழ். வரைய வரைய மனசு அமைதியாயிடும். புதன், வெள்ளி, ரேஹாட் ஓய்வு நேரத்துல நாப்பது நிமிஷம். அட்டெண்டன்ஸ் கம்பல்சரி."

கரீமா விஜயராணியின் காதில் சொன்னாள். "நாள் பூரா வட்டத்த பாக்கறோம். ரெஸ்ட்டுக்கும் வட்டமா கா?"

முதல் புதன்கிழமை, சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் வராந்தாவில் நின்றபடி விழுங்கிவிட்டு, மாடியில் பயிற்சி அறைக்கு ஏறினார்கள். கதவு திறந்ததும் பன்னிரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே முப்பது நாற்காலிகள் இருந்தன. புத்தம் புதுசு. நீல மெத்தை, முதுகுச் சாய்வு, கீழே சக்கரம். மண்டலா வரைகிறவர்களின் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வாங்கியவை. வகுப்பு முடிந்ததும் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அறையைப் பூட்டிச் சாவியை மனிதவளப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது.

மாஸ்டர் திலீபன் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். குரலே தாலாட்டு மாதிரி இருந்தது. "மூச்ச இழுங்க. ஒரு புள்ளி வைங்க. அந்தப் புள்ளிதான் நீங்க. இப்ப உங்கள சுத்தி ஒரு வட்டம் போடுங்க. வட்டம் எப்படி வந்தாலும் பரவால்ல. தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

தப்பு என்று ஒன்று கிடையாதாம். இதைக் கியூசி பெண்களிடம் சொல்கிறார். விஜயராணி ஒரு வட்டம் போட்டாள். வலது மேல் பக்கம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. அழித்தாள். மறுபடி போட்டாள். ஆரம்பமும் முடிவும் சேர்கிற இடத்தில் பிசிறு. அழித்தாள். காம்பஸ் கேட்டாள். காம்பஸ் புற உலகத்தைச் சேர்ந்தது, அனுமதி இல்லை என்றார் மாஸ்டர். நாற்பது நிமிடத்தில் தாள் கிழிந்ததுதான் மிச்சம். விரல் நுனியெல்லாம் அரித்தது. எழுந்து ஓடிப்போய்த் தன் மேஜையில் நாலு நல்ல வளையத்தைத் தொட்டால்தான் ஆறும் போலிருந்தது.

மீனம்மா உட்கார்ந்த நாலாவது நிமிடம் தூங்கிப்போனாள். சன்னமாகக் குறட்டை. மாஸ்டர் அவள் பக்கத்தில் போய்க் கைகூப்பி நின்றார். "பாருங்க, மொத நாளே உள்ள போயிட்டாங்க!" அந்த மாதத்து அமைதிப் பட்டியலில் மீனம்மாவுக்கு முதலிடம். தாளில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது, அதுவும் தலை சாயும்போது பென்சில் குத்தியது.

ஆம், பட்டியல். அமைதியை அளக்காமல் விட்டால் அது எங்கே போகிறது என்று தலைமையகத்துக்கு எப்படித் தெரியும்? பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு பாரம் வந்தது. அமைதி மாதா மாதம் ஐந்து சதவீதம் ஏற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கன்டீன் பலகையில், விபத்தில்லா நாட்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அமைதி வரிசை ஒட்டப்பட்டது. விஜயராணி பன்னிரண்டாவது. அடுத்த மாதமும் பன்னிரண்டாவது. மூன்று நாளுக்குள் காரணம் சொல்லச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. தாங்கள் ஏன் அமைதியாக இல்லை என்பதை எழுத்து மூலம் விளக்கவும், தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது. அதைப் படித்ததும் கொஞ்சநஞ்சம் இருந்த அமைதியும் போய்விட்டது.

எழுத்தில் விளக்கத் தெரியாமல் நேரில் போனாள். தொழிற்சாலையில் எந்தக் கோளாறு வந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டால் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது விதி. யுவனேஸ்வரன் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டான்.

"ஏன் கா அமைதி வரல?"

"வட்டம் ஒழுங்கா வரல, சார்."

"ஏன் வரல?"

"கை நிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"முட்டி வலிக்குது. புத்தி அங்கயே இருக்கு."

"ஏன் வலிக்குது?"

"எட்டு மணி நேரம் நிக்கிறேன்ல."

"ஏன் நிக்கிறீங்க?"

"நாற்காலி இல்ல, சார்."

யுவனேஸ்வரன் பாரத்தில் அடுத்த கட்டத்தைத் தேடினான். பாரத்தில் ஐந்து கட்டம்தான். ஆறாவது ஏன் கேட்க இடமில்லை. கடைசியில் எழுதினான்: மூல காரணம், ஊழியர் தன்னிடம் இல்லாத பொருளையே நினைத்துக்கொண்டிருக்கிறார். தீர்வு, வாரம் இரண்டு மண்டலா கூடுதல். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அக்கா, மூணாவது மாசமும் கடைசியா வந்தீங்கன்னா உங்கள ஸ்டோருக்கு மாத்தணும்னு மேல சொல்றாங்க. அமைதி இல்லாதவங்க கியூசியில இருந்தா குவாலிட்டிக்கு ரிஸ்க்காம். நா ஒண்ணும் பண்ண முடியாது லா."

ஸ்டோர் என்றால் பெட்டி தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படி ஏறி இறங்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விஜயராணிக்கு அழுகை வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு கெட்ட வளையம் வெளியே போனதில்லை. அவளைப் போய் ரிஜெக்ட் பண்ணப் பார்க்கிறார்கள். அதுவும் ஒரு படத்துக்காக.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் நாலு பேர் வருவதாகச் செய்தி வந்தது. பயிற்சி அறைச் சுவரில் பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு மகா மண்டலா வைப்பதென்று மாஸ்டரும் யுவனேஸ்வரனும் முடிவு செய்தார்கள். வரைந்தால் சாதாரணமாகப் போய்விடும், கம்பெனியின் சொந்த வளையங்களாலேயே ஒட்டினால் தலைமையகம் கண்கலங்கும் என்பது யுவனேஸ்வரனின் யோசனை. கியூசி பெண்கள் இரண்டு வாரம் ஒட்டினார்கள். விஜயராணியை ஒட்டவிடவில்லை. அவள் தொட்டால் அமைதி கெடும் என்று ஓரத்தில் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். நின்று பழகியவள்தானே.

பெரியவர்கள் வந்தார்கள். மண்டலாவின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "இந்த வட்டத்துல எந்தக் குறையும் கிடையாது. ஏன்னா, குறைன்னு பார்க்கற கண்ண நாங்க இங்க மூடிட்டோம்."

விஜயராணி பசை டப்பாவோடு மண்டலாவுக்கு மிக அருகில் நின்றிருந்தாள். அவள் கண்ணை யாரும் மூடவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு வளையம், உள்பக்கம் பிசிறு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, வெட்டு. அதற்கு மேலே ஒன்று, நெளிவு. நல்ல வளையத்தை ஒட்டினால் உற்பத்தி குறையும் என்று சிவப்புத் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் சொல்லலாம். கை தானாக ஏப்ரன் பைக்குள் போனது. ஒரு சிவப்பு அம்பு. இன்னொன்று. மாஸ்டர் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நாற்பது அம்பு ஒட்டிவிட்டாள். மாதக்கணக்காக நிற்காத அவள் விரல் அரிப்பு அன்றைக்குத்தான் நின்றது. நாற்பத்தொன்றாவது அம்பை ஒட்டிவிட்டு, பழக்க தோஷம், கழுத்துக் கயிற்றில் தொங்கிய மஞ்சள் அட்டைகளில் ஒன்றைக் கழற்றி, மண்டலாவின் நடுப்புள்ளியில் குத்தினாள். அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது: ஹோல்டு.

அறை அமைதியானது. இதுவரை மண்டலா கொண்டுவந்த அமைதிகளிலேயே அதுதான் முழுசானது.

இந்த மஞ்சள் அட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ரிஜெக்ட் வளையம் எப்படியோ நல்ல வளையத்தோடு கலந்து வாடிக்கையாளர் பம்பு ஒழுகி, பெரிய ரகளை ஆனது. அதன் பிறகு வந்தது விதி. சிவப்புத் தொட்டிக்கு வெளியே ரிஜெக்ட் வளையம் எங்கே கிடைத்தாலும் இன்ஸ்பெக்டர் அங்கே ஹோல்டு போட வேண்டும். அந்த அறையில் இருக்கிற அசையும் பொருள் அத்தனையும் கியூசி லைனுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதிலும் வளையம் சிக்கியிருக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் விடுதலை. கிளைத் தலைவரான ஜி.எம்.மே சொன்னாலும் எடுக்க முடியாது.

"மேடம், வாட் இஸ் திஸ்?" என்றான் யுவனேஸ்வரன். ‘அக்கா’ என்கிற அழைப்பு போய்விட்டது.

"ரிஜெக்ட் லாட், சார். தொட்டிக்கு வெளிய இருக்கு," என்றாள் விஜயராணி. இன்றைக்கே ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

தலைமையகத்துப் பெரியவர்களில் ஒருவர் அட்டையைப் படித்தார். அம்புகளை எண்ணினார். பிறகு ஜி.எம்.மின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் முன்னாலேயே விதியை நிறைவேற்றிக் காட்டிய ஒரே கிளை நீங்கள்தான், நிஜம் போலவே நடித்துக் காட்டினீர்கள் என்றார். ஜி.எம். முகத்தில் நாலைந்து நிறம் வந்து போனது. பிறகு சிரித்தார். அதற்கு மேல் யாராலும் எதையும் நிறுத்த முடியவில்லை. ஸ்டோர்காரர்கள் கைதட்டினார்கள், அப்புறம் தூக்க ஆரம்பித்தார்கள். மேஜைகள், பென்சில் டப்பாக்கள், மாஸ்டரின் தியான மணி. கடைசியாக, ஒன்றன்பின் ஒன்றாக, முப்பது நாற்காலிகள்.

தன் லைனுக்குப் பக்கத்தில் நீல மெத்தைகள் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தபோதுதான், விஜயராணிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது புரிந்தது.

"கா," என்றாள் கரீமா மெதுவாக, "இத எப்படி செக் பண்றது?"

விஜயராணி சோதனைப் பாரத்தை எடுத்து இரண்டு தரம் படித்தாள். பொருளை அதன் இயல்பான பயன்பாட்டில், வழக்கமான பயன்பாட்டு நேரம் முழுவதும் வைத்துச் சோதிக்கவும் என்றிருந்தது. அவளுடைய பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு அழகான ஒரு வாக்கியத்தை அவள் படித்ததில்லை.

"நாற்காலிய எதுக்கு யூஸ் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"உக்காரத்தான்."

"எவ்ளோ நேரம்?"

மீனம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு ஷிஃப்டு லா!" என்றாள்.

அன்றிலிருந்து சோதனை ஆரம்பமானது. பன்னிரண்டு பேர், முப்பது நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் எட்டு மணி நேரம். விஜயராணி எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை. மெத்தைத் தையலுக்குள் வளையம் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்து, முதலிலிருந்து திரும்பச் சோதித்தார்கள். பிறகு சக்கரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. வளைய வேலை ஒன்றும் குறையவில்லை. உட்கார்ந்த கண்கள் முன்னைவிட அதிகம் கண்டுபிடித்தன.

மண்டலா வகுப்பு நின்றுபோனது, பென்சிலும் ஹோல்டில் இருந்ததால். ஆனால் மண்டலா அறிக்கை நிற்கவில்லை. வகுப்பு நடக்காதது அறிக்கைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு மாதம் ஐந்து சதவீதம் ஏறியது. முட்டி வலிக்கு எடுத்த எம்.சி. மாதம் நாற்பத்தொன்றிலிருந்து இரண்டாக இறங்கியது. அந்த இரண்டையும் எடுத்தது ஸ்டோர்காரர்கள். கன்டீன் பலகையில் விஜயராணி பன்னிரண்டிலிருந்து முதலிடத்துக்கு ஏறினாள், ஏனென்று அவளிடம் யாரும் ஐந்து முறை கேட்கவில்லை.

ஆறாவது மாதம் ஒரு பிற்பகல் யுவனேஸ்வரன் தடிமனான அறிக்கையோடு லைனுக்கு வந்தான். மண்டலாவின் வெற்றி என்று அட்டையில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வட்டம்.

"அக்கா, இது ஜொகூர், பினாங், ஈப்போ மூணு கிளைக்கும் போகுது. அங்கயும் லேடீஸ் நாற்காலி கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்களாம். நம்ம ப்ரோகிராமையே அங்க செய்யப் போறாங்க. ஷாப் ஃப்ளோர்லேர்ந்து ஒரு இன்ஸ்பெக்டர் வெரிஃபை பண்ணணும். இங்க ஒரு சாப் போட்டுடுங்க."

விஜயராணி உட்கார்ந்தபடியே அறிக்கையைப் புரட்டினாள். முட்டி வலி குறைந்ததற்குக் காரணம், மண்டலா. மன அமைதிக்குக் காரணம், மண்டலா. நாற்காலி என்கிற சொல் நாற்பது பக்கத்திலும் இல்லை. முழுப் பொய். வளையமாக இருந்தால் விளக்கடியில் வைக்காமலேயே தொட்டியில் போட்டிருப்பாள்.

யுவனேஸ்வரன் நாற்காலிகளைப் பார்த்தான். அதில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். அவனுக்கும் அம்மா இருப்பாள் போல. "டெஸ்ட் இன்னும் முடியலயா கா?"

"முடியல, தம்பி."

"பரவால்ல, டேக் யுவர் டைம்," என்றான். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, "இத ரிஜெக்ட் பண்ணீங்கன்னா அப்புறம் ஏன்னு கேப்பாங்க. டீம் அனுப்புவாங்க. டீம் வந்தா எல்லாத்தயும் பாப்பாங்க," என்றான்.

பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். மீனம்மாவின் கை நாற்காலியின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. விஜயராணி சாப்பை எடுத்து முத்திரை குத்தினாள். பாஸ். பத்தொன்பது வருடத்தில் தெரிந்தே அவள் வெளியே விட்ட முதல் ரிஜெக்ட். அசிங்கமாக இருந்தது. முட்டி மட்டும் சுகமாக இருந்தது, அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"இத மூணு காப்பி எடுத்து, கவர்ல போட்டு மூணு கிளை கியூசிக்கும் அனுப்பிடுங்க கா," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்தாள். லைனுக்கும் சிவப்புத் தொட்டிக்கும் இடையே நாலு தரம் நடந்தாள். ஜொகூரில் எவளோ ஒருத்தி இப்போது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குக் கலர் பென்சில் போகப் போகிறது. அந்தக் கவரில் விஜயராணியின் சாப் போகப் போகிறது.

ஐந்தாவது தரம் நடந்தபோது தொட்டிக்குள் கையை விட்டு மூன்று வளையம் எடுத்தாள். நன்றாகத் தெரிகிற பிசிறாகப் பார்த்து எடுத்தாள். கவருக்கு ஒன்றாகப் போட்டாள். கூடவே ஒரு மஞ்சள் ஹோல்டு அட்டையும், ஒரு சோதனைப் பாரமும், பாரத்தில் அந்த ஒரு வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடும். பிறகு மூன்று துண்டுத் தாளில் ஒரே மாதிரி எழுதினாள். தமிழ் தெரியாதவர்கள் இருந்தால் என்ன செய்வது என்று கரீமா ஒவ்வொன்றின் கீழேயும் மலாயில் எழுதிக் கொடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு. மண்டலா கிளாஸ் நடக்கிற ரூமில் நல்ல நாற்காலி வாங்கிப் போடும் வரை அமைதியாக இருக்கவும். போட்டதும் இந்த வளையத்தைப் படத்தில் ஒட்டவும். ஹோல்டு போடவும். மீதி பாரத்தில் இருக்கிறது."

மூன்று கவரையும் ஒட்டி, தபால் தட்டில் வைத்தாள். பிறகு தன் மேஜைக்குத் திரும்பி வந்து, சோதனைப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக, நாற்காலி எண் ஏழு, சோதனை தொடர்கிறது என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.